கம்பெனி ஆப் கட்டுமுன் இரண்டு டீமையும் ஒரே வண்டியில் ஏற்றுங்கள்

மசாலாப் பொடி விற்கும் ஒரு கம்பெனிக்கு ஆர்டர் எடுக்கும் ஆப் ஒன்று செய்தோம். அதுவரை சேல்ஸ்மேன்கள் கடை கடையாக ஏறி இறங்கி, கார்பன் தாள் வைத்த புத்தகத்தில் ஆர்டரை எழுதி, சாயங்காலம் டிஸ்ட்ரிபியூட்டர் குடோனில் கொடுத்துவிட்டுப் போவார்கள். "ஆப் ஆஃப்லைனிலும் ஓடணும்" என்றார் சேல்ஸ் மேனேஜர். "ஓடும் சார்" என்றது ஐடி டீம். ஐந்து மாதம் கழித்து ஆப் வந்தது. சிக்னல் இல்லாத இடத்திலும் திறந்தது, பொருள் பட்டியல் வந்தது, ஆர்டரும் போட முடிந்தது. ஆனால் கடைக்காரர் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்பது மட்டும் நெட் இருந்தால்தான் தெரியும். பழைய பாக்கி தெரியாமல் எந்த சேல்ஸ்மேனும் புது ஆர்டர் எழுத மாட்டார். முதல் வாரம் முடிவதற்குள் எல்லோரும் கார்பன் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறியும் இல்லை. சேல்ஸ் மேனேஜருக்கு ஆஃப்லைன் என்றால் லைனில், அதாவது கடை கடையாகச் சுற்றும் ரூட்டில், செய்கிற மொத்த வேலையும். ஐடிக்கு ஆஃப்லைன் என்றால் ஆர்டர் படிவம். ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வைத்துக்கொண்டு ஐந்து மாதம் தலையாட்டியிருக்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் குறிப்பெடுத்தவன் நான்தான். எனக்கும் அது தோன்றவில்லை.

நீங்கள் பிசினஸ் அனலிஸ்ட்டாகவோ பிராஜெக்ட் கோஆர்டினேட்டராகவோ புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம். அல்லது பத்து வருடம் சேல்ஸில் இருந்துவிட்டு, "இந்த ஆப் விஷயத்தை நீங்களே பாத்துக்கங்க" என்று மாட்டிவிடப்பட்டவராக இருக்கலாம். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆர்டர் ஆப்பையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். சர்வீஸ் இன்ஜினியர் ஆப், டெலிவரி ஆப் என்று உங்களுடையது வேறாக இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும். தலைப்பில் சொன்ன இரண்டு டீம், ஆப்பைக் கேட்கும் பிசினஸ் டீமும் அதைக் கட்டும் ஐடி டீமும்தான். ஐடி என்று சொல்வது உள் டீமாகவும் இருக்கலாம், வெளி வெண்டராகவும் இருக்கலாம்.

1. முதல் வாரம் லைனுக்குப் போங்கள்

தேவைகளைப் பட்டியலிடும் கூட்டத்தை முதலில் போடாதீர்கள். ஒரு டெவலப்பரையும் ஒரு டெஸ்டரையும் கூட்டிக்கொண்டு, சேல்ஸ்மேனோடு ஒரு நாள் முழுக்க லைனுக்குப் போய்வாருங்கள். மேனேஜர்களை விட்டுவிடுங்கள். அவர்கள் வந்தால் சேல்ஸ்மேன் வழக்கமாகச் செய்வதைச் செய்ய மாட்டார், செய்ய வேண்டியதைச் செய்து காட்டுவார்.

அங்கே பார்ப்பது எதுவும் எக்செல் ஷீட்டில் வராது. சேல்ஸ்மேனுக்கு ஒரு கையில் பை, இன்னொரு கையில் போன். வெயிலில் திரை தெரியாது. கடைக்காரர் கல்லாவில் சில்லறை கொடுத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் "அந்தப் பச்சை பாக்கெட் ரெண்டு டஜன் போடுப்பா, போன தடவை வந்த அந்த இன்னொண்ணு வேணாம்" என்பார். பொருளின் முழுப்பெயர் அங்கே யார் வாயிலும் வராது. ஒரு கடைக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். மார்க்கெட்டுக்குள் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கடையில் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. சேல்ஸ்மேனின் சொந்த போனில் குடும்ப வாட்ஸ்அப் வீடியோக்கள் நிரம்பி, புது ஆப் போட இடமே இருக்காது.

எங்களோடு வந்த டெவலப்பர், தேடும் பெட்டி ஒன்றை அழகாக வடிவமைத்து வைத்திருந்தார். நாலாவது கடையில் அவரே சொன்னார்: "இவங்க யாரும் டைப் பண்ண மாட்டாங்க. போன ஆர்டரை அப்படியே காட்டி, எண்ணிக்கையை மட்டும் மாத்துற மாதிரி வச்சாப் போதும்." மூன்று கூட்டம் போட்டாலும் வராத முடிவு இது.

பதில் மரியாதையும் உண்டு. சேல்ஸ் பக்கத்திலிருந்து இரண்டு பேர் அரை நாள் ஐடி டீமோடு உட்கார வேண்டும். "ஒரு சின்ன பட்டன் சேர்க்கணும், அவ்வளவுதானே" என்று கேட்கப்படும் மாற்றம் போன் ஆப், சர்வர், கணக்கு மென்பொருள், டெஸ்டிங், ஆப் ஸ்டோர் என்று எத்தனை வாசலைத் தாண்டுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இந்தப் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் வருடம் முழுக்க "ஐடி ஆளுங்க லேட் பண்றாங்க" என்ற பல்லவி.

2. சொல் நோட்டு ஒன்று போடுங்கள்

எனக்குப் பிடித்த வேலை இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

லைனில் காதில் விழுந்த சொற்களை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் சேல்ஸ், கணக்கு, குடோன், ஐடி நான்கு பேரிடமும் தனித்தனியாக அர்த்தம் கேளுங்கள். கூட்டமாகக் கேட்டால் மூத்தவர் சொன்னதை மற்றவர்கள் ஒப்புக்கொண்டுவிடுவார்கள்.

"ஸ்டாக்" என்றால் கம்பெனி டெப்போவில் இருப்பதா, டிஸ்ட்ரிபியூட்டர் குடோனில் இருப்பதா, வேனில் ஏறியிருப்பதா? "ஆர்டர்" என்றால் சேல்ஸுக்குக் கடைக்காரர் வாயால் சொன்னது. கணக்குப் பிரிவுக்குப் பில் ஆனது. இந்த இரண்டு எண்ணும் ஒருநாளும் ஒன்றாக இருக்காது, மாதக் கடைசியில் சண்டைதான். "ஒரு கேஸ்" 24 பாக்கெட் என்று ஒருவர் சொல்வார், பாக்கிங் மாறியபின் 20 என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு விதமும் இன்னமும் குடோனில் இருக்கும். "ஆக்டிவ் கடை" என்பது இந்த மாதம் வாங்கிய கடையா, மூன்று மாதத்தில் ஒருமுறையாவது வாங்கியதா?

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி விளக்கம், ஓர் உண்மையான எண்ணோடு ஓர் உதாரணம். மொத்தம் இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகு ஆப்பின் திரையிலும், ரிப்போர்ட்டிலும், முடிந்தவரை டேட்டாபேஸிலும் அதே சொற்களையே புழங்க வேண்டும். திரையில் "கஸ்டமர்" என்றும் ரிப்போர்ட்டில் "அவுட்லெட்" என்றும் பேச்சில் "கடை" என்றும் மூன்று விதமாக வைத்தால் நோட்டு எழுதியது வீண்.

"ஆஃப்லைன்" போன்ற கனமான சொல்லுக்கு ஒரு வரி போதாது. அதைக் கேள்விகளாக உடையுங்கள். எத்தனை மணி நேரம் நெட் இல்லாமல் ஓட வேண்டும்? விலை, ஸ்கீம் (இலவசம் போன்ற சலுகைகள்), பாக்கி இவற்றில் எதெல்லாம் போனிலேயே இருக்க வேண்டும்? பாக்கி விவரம் எவ்வளவு பழையதாக இருந்தால் பரவாயில்லை? நெட் இல்லாத நேரத்தில் கடையின் கிரெடிட் லிமிட் தாண்டினால் ஆர்டரைத் தடுப்பதா, எச்சரித்துவிட்டு விடுவதா? ஒரே கடையின் விவரத்தை இரண்டு பேர் மாற்றியிருந்தால் யாருடையது நிற்கும்?

கடைசி மூன்றையும் பாருங்கள். கேட்க டெக்னிக்கல் மாதிரி இருக்கும். உண்மையில் மூன்றுமே வியாபார முடிவுகள். பிசினஸ் டீம் பதில் சொல்லாவிட்டால் அந்தக் கேள்வி காணாமல் போகாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு டெவலப்பர் தனக்குத் தோன்றியதைப் பதிலாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். ஆறு மாதம் கழித்துத்தான் அது கம்பெனியின் கிரெடிட் பாலிசியாக மாறியிருப்பது தெரியவரும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சிக்னல் குறைந்த இடத்தில் சேல்ஸ்மேன் "அனுப்பு" அழுத்துகிறார். ஆர்டர் சர்வருக்குப் போய்விட்டது, பதில் மட்டும் திரும்பி வரவில்லை. அவர் மறுபடி அழுத்துகிறார். குடோனிலிருந்து இரண்டு லோடு கிளம்புகிறது. தீர்வு எளிது: போனிலேயே ஆர்டருக்கு ஒரு எண் போட்டுவிட வேண்டும், அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புது ஆர்டராக எடுக்கக் கூடாது. ஒரு போனின் எண் இன்னொரு போனின் எண்ணோடு மோதக் கூடாது என்பதால் அது நீளமாக இருக்கும். இதை முழுக்க ஐடி பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் "ஆர்டர் நம்பர் ஏன் இவ்வளவு நீளம்?" என்று கணக்குப் பிரிவு கேட்கும்போது காரணம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் "சின்னதாக்குங்க" என்ற கோரிக்கை வரும், யாராவது அதைச் செய்தும் விடுவார்கள்.

3. முடிவெடுக்க ஒருவர், எழுதி வைக்க ஒரு ஷீட்

பிசினஸ் பக்கம் ஒரே ஒருவர் இருக்க வேண்டும். ஸ்க்ரம் முறையில், அதாவது வேலையைச் சில வாரத் துண்டுகளாகப் பிரித்து, ஆப் கட்டுபவர்கள் அவரை பிராடக்ட் ஓனர் என்பார்கள். பெயர் எதுவானாலும் அவருக்கு இரண்டு தகுதி வேண்டும். தினமும் இதற்கென்று ஒதுக்க நேரம் இருக்க வேண்டும். சேல்ஸ் ஹெட்டிடமே "இது இப்போ வேணாம் சார்" என்று சொல்லும் இடத்தில் இருக்க வேண்டும். நேரம் இருக்கிற ஜூனியரைப் போட்டால் இரண்டாவது தகுதி இருக்காது, ஜெனரல் மேனேஜரைப் போட்டால் முதலாவது இருக்காது. இரண்டும் உள்ள ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் உங்கள் கடினமான வேலை. பெரும்பாலும் ஏரியா மேனேஜர் மட்டத்தில் ஒருவர் கிடைப்பார். அவருடைய டார்கெட்டில் ஒரு பகுதியைக் குறைக்கச் சொல்லி முன்பே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் அவர் போனையே எடுக்க மாட்டார்.

கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் முதல் நாளிலிருந்தே கூட இருக்கட்டும். மெல்வின் கான்வே என்பவர் 1968ல் ஒரு கட்டுரையில் சொன்ன விஷயம் இங்கே உதவும்: ஓர் அமைப்புக்குள் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அவர்கள் உருவாக்கும் சிஸ்டமும் அதே வடிவத்தில்தான் வரும். எங்கள் ஆப்பில் ஆர்டர் திரை ஒரு பக்கம், பாக்கி திரை இன்னொரு பக்கம், நடுவில் பாலமே இல்லை. சேல்ஸும் கணக்கும் வேறு வேறு மாடியில் உட்கார்ந்து, மெயிலில் மட்டும் பேசிக்கொண்டிருந்த கம்பெனி அது.

எடுத்த முடிவுகளை ஒரு ஷீட்டில் போடுங்கள். தேதி, கேள்வி, என்ன முடிவு, யார் சொன்னது. நான்கு பத்திகள் போதும். இதோடு ஒரு விதியும் வைத்துக்கொள்ளுங்கள்: ஐடி கேட்கும் கேள்விக்கு இரண்டு வேலை நாளில் பதில் வராவிட்டால், ஐடி தான் முன்மொழிந்த பதிலோடு மேலே போகும், ஷீட்டிலும் அப்படியே பதியும். முதல் தடவை இப்படி நடந்தபின் பதில்கள் வேகமாக வர ஆரம்பிக்கும்.

4. முதல் வெர்ஷனை நறுக்குங்கள்

தேவைகளைக் கட்டாயம், வேண்டும், இருந்தால் நல்லது, இப்போது வேண்டாம் என்று நாலாகப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு, இவற்றின் ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளைக் கோர்த்து மாஸ்கோ (MoSCoW) என்பார்கள். பிசினஸ் டீமிடம் கொடுத்தால் எல்லாமே "கட்டாயம்" என்று திரும்பி வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது இல்லாம திங்கட்கிழமை காலையில சேல்ஸ்மேன் லைனுக்குப் போக முடியுமா, முடியாதா?" ஆர்டர் ஆப்புக்கு மிஞ்சுவது நான்குதான்: இன்றைய கடைப் பட்டியல், பாக்கி, ஆர்டர், அனுப்புதல். ஷெல்ஃப் போட்டோ, வருகைப் பதிவு, லீவு விண்ணப்பம் எல்லாம் பிறகு வரட்டும். "இப்போது வேண்டாம்" பட்டியலையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

இதில் தவறாமல் வரும் ஒன்றைப் பற்றி என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அது ஜிபிஎஸ் டிராக்கிங். "சேல்ஸ்மேன் நாள் முழுக்க எங்க இருக்கார்னு மேப்ல தெரியணும்" என்று மேலிடம் கேட்கும். முதல் வெர்ஷனில் வைக்காதீர்கள். 2019ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், ஆப் மூடியிருக்கும்போது இருப்பிடம் எடுக்கப் பயனர் தனியாக அனுமதி தர வேண்டும். கூகுள் பிளேயில் அதற்கான காரணத்தைத் தனியாக விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். அதையெல்லாம் தாண்டினாலும், பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பல கம்பெனிகளின் போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். மேப்பில் ஓட்டை விழும், அந்த ஓட்டைக்கு சேல்ஸ்மேனிடம் விளக்கம் கேட்பார்கள். "இது நம்மை உளவு பார்க்கிற ஆப்" என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் அவ்வளவுதான், போன் டீக்கடையில் இருக்கும், ஆள் வேறெங்கோ இருப்பார்.

ஆர்டர் போடும் அந்த நொடியில் மட்டும் இருப்பிடத்தைப் பதிந்தால் மேலிடம் கேட்பதில் முக்கால்வாசி கிடைத்துவிடும். சட்டப் பக்கமும் ஒன்று இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கடமைகள் கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் ₹250 கோடி வரை அபராதத்துக்கு இடமிருக்கிறது. எந்தத் தகவலை, எதற்கு, எவ்வளவு நாள் வைத்திருக்கப்போகிறோம் என்று கம்பெனியின் சட்ட ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

5. காகித வேலைகளை முதல் நாளே தொடங்குங்கள்

ஆப் தயாராகிவிட்டது, ஆனால் வெளியிட முடியவில்லை. இந்த நிலைமையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காரணம் டெவலப்பர் எழுதிய புரோகிராம் கோடில் இருக்காது, காகிதத்தில் இருக்கும். இவற்றை டெவலப்பரால் செய்ய முடியாது, கம்பெனியின் ஆவணங்களும் கையெழுத்தும் வேண்டும்.

கூகுள் பிளேயில் நிறுவனக் கணக்கு தொடங்க ஒருமுறை 25 டாலர். ஆப்பிளில் வருடத்துக்கு 99 டாலர். இரண்டுக்குமே நிறுவனத்தின் டன்ஸ் எண் வேண்டும். டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற நிறுவனம் தரும் 9 இலக்க எண் அது. அதில் பதிவான கம்பெனி பெயரும் முகவரியும் நீங்கள் கொடுப்பதோடு பொருந்தாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஊழியர்களுக்கு மட்டும் கொடுக்க ஆப்பிளில் 299 டாலர் என்டர்பிரைஸ் திட்டம் ஒன்று உண்டு. குறைந்தது 100 ஊழியர்கள் வேண்டும், ஒப்புதல் கிடைப்பதும் எளிதல்ல. கம்பெனிகளுக்கான ஆப்பிள் பிசினஸ் மேனேஜர் தளம் வழியாகத் தனிப்பட்ட ஆப்பாகக் கொடுப்பது பெரும்பாலானோருக்குப் போதும். ஆண்ட்ராய்டில் மேனேஜ்டு கூகுள் பிளே வழியாக இதையே செய்யலாம்.

ஆனால் எங்கள் சேல்ஸ்மேன்கள் கம்பெனியின் ஊழியர்கள் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர்களின் ஆட்கள். சொந்த போன், சொந்த ஜிமெயில். அதனால் ஆப்பைப் பொதுவில் வைத்து, லாகின் போட வேண்டியிருந்தது. பொதுவில் வைத்தால் கூகுளின் பரிசோதகர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். லாகின் ஓடிபி வழியாக என்றால் அந்த ஓடிபி அவருக்கு எப்படிக் கிடைக்கும்? பரிசோதனைக்கென்று ஒரு நிலையான போன் எண்ணும் மாறாத ஓடிபியும் வைத்து, போலிக் கடைகள் மட்டும் தெரியும்படி ஒரு கணக்கு தயார் செய்தோம். அந்தக் கணக்கில் உண்மையான கடைக்காரரின் பாக்கி எதுவும் தெரியக் கூடாது என்று கணக்குப் பிரிவுதான் கவனித்துச் சொன்னது.

ஓடிபி எஸ்எம்எஸ்ஸுக்கும் வரிசை உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 ஒழுங்குமுறைப்படி, மெசேஜ் அனுப்பும் கம்பெனிகளைப் பதியும் டிஎல்டி தளத்தில் கம்பெனியைப் பதிவு செய்து, அனுப்புநர் பெயருக்கும் மெசேஜ் வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். பதிந்த வாசகமும் அனுப்பும் வாசகமும் பொருந்தாவிட்டால் மெசேஜ் போய்ச் சேராது. "வாசகத்தைக் கொஞ்சம் அழகாக்குங்களேன்" என்று மார்க்கெட்டிங் கேட்டால், அது புது ஒப்புதலுக்குப் போகும் வேலை என்று சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: ஸ்டோர் கணக்குகள் எல்லாம் கம்பெனியின் பெயரில், கம்பெனியின் மெயில் முகவரியில் இருக்க வேண்டும். வெண்டர் "எங்க அக்கவுண்ட்ல போட்டுடறோம், சீக்கிரம் முடியும்" என்பார். ஒரு இடத்தில் வெண்டர் ஊழியர் ஒருவரின் சொந்த ஜிமெயிலில் ஆப் கிடந்தது, அவர் வேலையை விட்டுப் போயிருந்தார். வெளியே எடுப்பதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது.

6. டேட்டா யாருடையது?

கடைப் பட்டியலில் ஒரே மளிகைக் கடை மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று முறை இருக்கும். ஒன்றில் ஜிஎஸ்டி எண் இருக்கும், இன்னொன்றில் பாக்கி இருக்கும். இதைச் சுத்தம் செய்வது ஐடியின் வேலை இல்லை. எது எந்தக் கடை என்று சேல்ஸ்மேனுக்குத்தான் தெரியும். பிசினஸ் டீம் ஆள் ஒதுக்கி, தேதி வைத்து முடிக்க வேண்டும். ஆப் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், முதல் நாளே "ஆப் தப்பாக் காட்டுது" என்று பெயர் கெடும்.

பாக்கி எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் பல இடங்களில் டிஸ்ட்ரிபியூட்டரின் டேலி என்ற கணக்கு மென்பொருளில் முடியும். டேலியிலிருந்து எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவத்தில் தகவல் எடுக்கலாம், வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் (கம்ப்யூட்டரின் இணைப்பு வாசல்). ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், டேலியும் திறந்திருக்க வேண்டும். ஐடி டீம், எல்லோரும் வழக்கமாகச் செய்வது போல, ராத்திரி இரண்டு மணிக்கு சிங்க், அதாவது டேலியிலிருந்து தகவலை இழுக்கும் வேலை, வைத்தது. டிஸ்ட்ரிபியூட்டர் முதலாளி ராத்திரி ஒன்பது மணிக்கு சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர். சிங்க் நேரத்தை மாலை ஆறுக்கு மாற்றினோம். திரையில் பாக்கிக்குக் கீழே "நேற்று மாலை 6 மணி நிலவரம்" என்று சின்ன எழுத்தில் போட்டோம். பாதிச் சண்டை அதோடு நின்றது.

எதெல்லாம் மாறும் என்ற பட்டியலையும் பிசினஸ் டீமிடம் ஆரம்பத்திலேயே வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்தவற்றில் பெரும்பாலானவை 5, 18 என்று நகர்ந்தன. வரி விகிதத்தை சர்வரில் ஒரு அட்டவணையாக வைத்திருந்தால் அன்றிரவே மாற்றிவிட்டுத் தூங்கலாம். ஆப்பின் கோடுக்குள்ளேயே எழுதியிருந்தால் புது வெர்ஷன் விட வேண்டும், அதை எல்லோரும் அப்டேட் செய்யும்வரை பழைய போன்களில் பழைய வரிதான். தீபாவளி ஸ்கீமும் அப்படித்தான். "12 வாங்கினால் 1 இலவசம்" என்பது இன்றைக்கு, அடுத்த மாதம் "இரண்டு வகை சேர்த்து 12" என்று வரும். போன இரண்டு வருடத்தில் ஓடிய ஸ்கீம் சர்க்குலர்களை எல்லாம் எடுத்து ஐடியிடம் கொடுங்கள், விளக்கம்கூட வேண்டாம். எத்தனை வகை விதிகள் தேவை என்று அவர்களே பிரித்துவிடுவார்கள்.

7. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, போனைக் கையில் கொடுத்து

டெமோவை புரொஜெக்டரில் காட்டாதீர்கள். ஒரு சேல்ஸ்மேனை வரவழைத்து, அவருடைய போனிலேயே ஆப்பைப் போட்டுக் கையில் கொடுங்கள். "இந்தக் கடைக்கு ஆர்டர் போடுங்கண்ணே" என்று மட்டும் சொல்லுங்கள். டெவலப்பர் வாய் திறக்கக் கூடாது, விரல் நீட்டவும் கூடாது. அவர் எங்கே தயங்குகிறார் என்று பிசினஸ், ஐடி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வாக்குவாதம் குறைந்துவிடும்.

"முடிந்தது" என்ற சொல்லுக்கும் நோட்டில் இடம் உண்டு. எங்கள் விளக்கம் இது: விலை குறைந்த ஒரு ஆண்ட்ராய்டு போனில், ஏரோபிளேன் மோடில், உண்மையான கடையின் டேட்டாவோடு ஆர்டர் போட்டு, நெட் வந்ததும் அது கணக்கு மென்பொருளில் பில்லாக விழ வேண்டும். அதுவரை அது "நடந்துகொண்டிருக்கிறது".

நடுவில் புதுக் கோரிக்கை வந்தால் மறுக்காதீர்கள். அதே அளவு வேலை ஒன்று வெளியே போக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். எது போக வேண்டும் என்று பிராடக்ட் ஓனர் தேர்ந்தெடுக்கட்டும்.

2001ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்ற இடத்தில் 17 பேர் கூடி, மென்பொருளைச் சிறு சிறு படிகளாகக் கட்டும் அஜைல் முறைக்கான பிரகடனத்தை எழுதினார்கள். அதோடு வந்த 12 கொள்கைகளில் ஒன்று, பிசினஸ் ஆட்களும் டெவலப்பர்களும் தினமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது. நம் கம்பெனிகள் அஜைலில் இருந்து தினசரி நின்றபடி பேசும் ஸ்டாண்டப்பை எடுத்துக்கொண்டன, சில வார வேலைத் துண்டான ஸ்பிரிண்ட்டை எடுத்துக்கொண்டன, சுவரில் ஒட்டும் கலர் காகிதத்தைக்கூட எடுத்துக்கொண்டன. இந்த ஒன்றைத்தான் காணோம்.

8. பைலட்

எல்லோருக்கும் விடும் முன் சிறிய அளவில் சோதித்துப் பார்ப்பதுதான் பைலட். ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், ஐந்தாறு சேல்ஸ்மேன்கள் போதும். எல்லோரும் கெட்டிக்காரர்களாக வேண்டாம். எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் ஒருவரைக் கண்டிப்பாகச் சேருங்கள். அவர் ஒத்துக்கொண்டால் மற்றவர்கள் தானாக வருவார்கள்.

தேதியை பிசினஸ் டீம் சொல்லட்டும். மாதத்தின் கடைசி வாரம் வேண்டாம், அப்போது எல்லோரும் டார்கெட்டை முடிக்கும் ஓட்டத்தில் இருப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் வேண்டாம், மார்ச் வேண்டாம். பழைய புத்தகமும் ஆப்பும் இணையாக ஓடும் காலத்துக்கு முடிவுத் தேதி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் ஆட்கள் இரண்டையும் திட்டுவார்கள்.

புகார்களுக்கு ஒரே ஒரு வாட்ஸ்அப் குழு. ஸ்கிரீன்ஷாட், கடைப் பெயர், நேரம் மூன்றும் இருந்தால்தான் புகார். "ஆப் வேலை செய்யல" என்று மட்டும் வந்தால் பதிலுக்கு அந்த மூன்றையும் கேளுங்கள், கோபப்படாமல்.

பிசினஸ் டீமுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒன்று: கூகுள் பிளேயில் புது வெர்ஷனைச் சிறு சதவீதத்தினருக்கு மட்டும் முதலில் விடலாம், தவறு தெரிந்தால் மேலும் பரவாமல் நிறுத்தலாம். ஆனால் ஏற்கனவே போனில் ஏறியதைப் பின்னால் இழுக்க முடியாது. திருத்திய கோடை இன்னும் உயர்ந்த வெர்ஷன் எண்ணோடு மறுபடி விட வேண்டும். அதனால் "நேத்து மாதிரியே ஆக்கிடுங்க" என்பது ஐந்து நிமிட வேலை இல்லை. பழைய வெர்ஷன் வைத்திருப்பவர்களைக் கட்டாயமாக அப்டேட் செய்ய வைக்கும் வசதியை முதல் வெர்ஷனிலேயே வைத்துவிடுங்கள். அதை எப்போது அழுத்துவது என்ற முடிவு பிராடக்ட் ஓனருடையது. காலை பத்து மணிக்கு, எல்லோரும் லைனில் இருக்கும்போது, ஐடி தானாக அழுத்திவிட்டால் அன்றைய வியாபாரம் போச்சு.

9. வெளியிட்ட பிறகு

அளக்க வேண்டிய எண்களைக் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். மொத்த ஆர்டரில் எத்தனை ஆப் வழியாக வருகின்றன, ஆர்டரிலிருந்து பில்லுக்கு எவ்வளவு நேரம், தவறான பொருள் போய்த் திரும்பி வந்தவை எத்தனை, எத்தனை தடவை ஆப் கிராஷ் ஆனது. நான்கையும் ஒரே ஷீட்டில், ஒரே கூட்டத்தில் பாருங்கள். கிராஷ் ஐடிக்கு, ஆர்டர் எண்ணிக்கை சேல்ஸுக்கு என்று தனித்தனி ரிப்போர்ட்டாகப் பிரித்தால், ஆர்டர் குறைந்ததற்குக் கிராஷ்தான் காரணம் என்பது யார் கண்ணிலும் படாது. டவுன்லோடு எண்ணிக்கையைப் பொருட்படுத்தாதீர்கள், மேனேஜர் சொன்னால் எல்லோரும் டவுன்லோடு செய்வார்கள்.

பட்ஜெட்டில் பராமரிப்புக்குத் தனி வரி இருக்கட்டும். கூகுள் பிளே வருடா வருடம், வழக்கமாக ஆகஸ்ட் 31 கெடு வைத்து, ஆப்கள் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டப்பட வேண்டும் என்கிறது. 2025ல் அது ஆண்ட்ராய்டு 15. நிறுவனத்துக்குள் மட்டும் நிரந்தரமாகப் புழங்கும் ஆப்களுக்கு விலக்கு உண்டு, எங்களைப் போல் பொதுவில் வைத்தவர்களுக்குக் கிடையாது. ஆகஸ்ட் என்றால் பண்டிகை சீசனுக்கு முந்தைய மாதம், ஸ்கீம் வேலை குவியும் நேரம். இந்த வேலையை ஜூனிலேயே முடித்துவிடும்படி இரண்டு டீமும் சேர்ந்து காலண்டரில் போடுங்கள்.

ஆப்பிளின் 99 டாலர் சந்தா தேதியையும் அதே காலண்டரில் போடுங்கள். கட்டத் தவறினால் ஆப் ஸ்டோரிலிருந்து இறங்கிவிடும். அந்த நினைவூட்டல் மெயில் எந்த இன்பாக்ஸுக்கு வருகிறது, அதைத் திறந்து பார்க்கிறவர் இன்னும் கம்பெனியில் இருக்கிறாரா என்று இன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.